அங்கன்வாடியும் கைபேசியும்

அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைக் கைபேசியில் படம் பிடித்து, அது ஆதாரைக் கொண்டு செய்த பதிவுடன் ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும் என மத்திய சர்க்கார் விதித்தனர். 2025 ஜூலை 1 முதல் இது கட்டாயமாக்கப்பட்டது. டில்லியிலும் சென்னையிலும் இருந்து பார்ப்போருக்கு இது ஒரு சிறு நிர்வாக ஏற்பாடாகத் தோன்றலாம். தளவாய்புரம் போன்ற ஊரிலிருந்து பார்க்கும் நமக்கு அப்படித் தோன்றவில்லை.

இவ்வூரின் நிலைமையை நம் நேயர்கள் அறிவார்கள். தளவாய்புரத்திலும் அதை அடுத்த செட்டியார்பட்டியிலும் பெண்கள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார்கள். சற்றுத் தூரத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறிகள் ஓடுகின்றன. இராஜபாளையத்தில் நூல் ஆலைகள் இருக்கின்றன. இத்தொழில்களில் ஒரு மணி நேரம் எழுந்து போனால் அந்த மணிக்குரிய கூலியும் போய்விடும். மாவு வாங்கி வரும்படி பாட்டியையோ மூத்த மகளையோ அனுப்பி வந்த தாய், இனி முகம் காட்டத் தாமே வரவேண்டும். வந்த சமயத்தில் கம்பியில்லாத் தொடர்பு கிடைக்காவிட்டால் மறுநாளும் வரவேண்டும். நஷ்டம் யாருக்கு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டை நடத்த வேண்டிய ஊழியரின் நிலை என்ன? ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2-ந் தேதி தேசத்தில் 33 வட்டாரங்களில் ஆரம்பமாயிற்று. தேசமெங்கும் 14 லட்சம் மையங்கள் வேண்டுமென 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நமது ராஜ்யத்தில் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமை இலாகாவின் கீழ் இருப்பவை 54,439 மையங்கள். அவற்றில் 49,499 முழு மையங்கள். 4,940 குறு மையங்கள். முழு மையத்திற்கு ஒரு ஊழியரும் ஒரு உதவியாளரும் உண்டு. குறு மையத்தில் ஊழியர் ஒருவரே சகலமும் செய்ய வேண்டும். குழந்தைகளை எடை போடுதல், பாட்டும் கதையும் கற்பித்தல், சோறு போடுதல், தடுப்பூசிக்கு ஆள் சேர்த்தல், கர்ப்பிணிகளின் வீடு தேடிச் சென்று யோசனை சொல்லுதல் ஆகிய யாவும் இவர்கள் பொறுப்பு. வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் அதுவும் பெரும்பாலும் இவர்கள் தலையில்தான் விழுகிறது.

ஆட்களாவது போதிய அளவில் இருக்கிறார்களா? 2025 ஏப்ரலில் நமது ராஜ்ய சர்க்கார் 7,783 காலியிடங்களை நிரப்பப் போவதாக அறிவித்தார்கள். முழு மையங்களுக்கு 3,886 ஊழியர்கள், குறு மையங்களுக்கு 305 ஊழியர்கள், 3,592 உதவியாளர்கள் என்பது அதன் விவரம். அதாவது, ஏறக்குறைய 13 முழு மையங்களுக்கு ஒன்று ஊழியரின்றி இருந்ததென்று சர்க்காரே ஒப்புக்கொண்டதாகிறது. நிரப்புவதாக அறிவித்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் இத்தனை இடங்கள் ஒன்றாகச் சேரும்வரை இலாகா ஏன் காத்திருந்தது என்று கேட்காமலிருக்க முடியாது. இன்ன வருஷத்தில் இத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள் என்பது பணியேட்டைப் புரட்டினால் தெரியும் விஷயம். அதற்கு நூதனக் கருவி எதுவும் தேவையில்லை. ஊழியர் இல்லாத மையத்தை அடுத்த மையத்தின் ஊழியர் கூடுதல் பொறுப்பாக ஏற்கிறார். இரண்டு மையங்களின் குழந்தைகளுடன் இரண்டு மையங்களின் பதிவுகளும் அவருடைய ஒரே கைபேசியில் வந்து சேருகின்றன.

கருவியின் சரித்திரத்தையும் சற்று நோக்குவோம். முன்பு பல பதிவேடுகளில் கையால் எழுதி வந்தார்கள். 2018-ல் போஷன் அபியான் தொடங்கியபோது ஊழியர்களுக்குக் கைபேசி கொடுத்து ஒரு மென்பொருளை ஏற்படுத்தினார்கள். 2020-ல் அதைக் கைவிட்டார்கள். 2021 மார்ச்சில் போஷன் டிராக்கர் என்ற வேறொரு செயலி வந்தது. அதே வருஷம் மகாராஷ்டிரத்து ஊழியர்கள், கைபேசிகள் வேலைக்கு உதவவில்லை என்றும் செயலி இங்கிலீஷில் இருக்கிறதென்றும் கூறி, சர்க்கார் கொடுத்த கைபேசிகளைக் கூட்டங்கூட்டமாகச் சென்று திருப்பி ஒப்படைத்தார்கள். பின்னர் செயலி நம் பாஷைகளிலும் வந்தது. முதலிலேயே ஊழியரைக் கலந்து கொண்டிருந்தால் இந்த வீண் சிரமம் நேர்ந்திராது. ஒவ்வொரு மாறுதலின்போதும் குழந்தைகளின் பெயர்களை மறுபடி பதிவு செய்கிற வேலை யாருடையது? கிராமத்து ஊழியருடையதுதான்.

முகப் பரிசோதனைக்கு ஆதரவாகக் கூறப்படும் நியாயம் ஒன்று உண்டு. இல்லாத பெயரில் பொருள் போகாமல் தடுக்க வேண்டும், உரியவருக்கே உரியது சேரவேண்டும் என்கிறார்கள். பொதுப் பணம் விரயமாகக் கூடாதென்பதில் நமக்குப் பூரண சம்மதம். ஆயினும் தடுக்கப்படும் நஷ்டத்தையும் உண்டாகும் நஷ்டத்தையும் சேர்த்து எடைபோட வேண்டாமா? 2017-ல் மத்திய சர்க்கார் இந்த உணவுக்கு நிர்ணயித்த செலவு, சாதாரணக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ரூ. 8, கர்ப்பிணிக்கு ரூ. 9.50. இந்தத் தொகையைக் காக்கும் பொருட்டு ஒரு தாய் அரைநாள் கூலியை இழப்பது நியாயமாகுமா? மேலும், 2013-ம் வருஷத்து தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி இவ்வுணவு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் குழந்தைக்கும் உரிய பாத்தியதை. கருவி பிழை செய்தால் பாத்தியதை மறைந்துவிடாது.

தகவல் சேகரிப்பதையே நாம் ஆட்சேபிக்கிறோம் என்று எவரும் கருத வேண்டாம். தகவலை நன்கு பயன்படுத்துவதில் நமது ராஜ்யம் தேசத்துக்கு வழிகாட்டியாக இருந்ததுண்டு. 1980-ல் உலக பாங்கின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம் ஆறு ஜில்லாக்களில் ஆரம்பிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று, அந்நாளில் இப்பகுதியும் அடங்கியிருந்த இராமநாதபுரம் ஜில்லா. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு அட்டையில் குறிப்பார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தையைத் தேர்ந்தெடுத்து மூன்று மாத காலம் உணவு கொடுப்பார்கள். குழந்தை தேறினால் நிறுத்துவார்கள். அந்த ஏற்பாட்டில் எடையைக் குறித்தவரே அதன் பொருளை அறிந்து உடனே காரியம் செய்தார். தாயும் அட்டையைப் பார்த்துத் தெரிந்து கொண்டாள். இன்று அதே எடை டில்லிக்குப் போய்ச் சேருகிறது. தளவாய்புரத்துத் தாய்க்கு அது திரும்பி வருகிறதா?

நமது விருதுநகர் ஜில்லாவுக்கு இதில் விசேஷ அக்கறை உண்டு. 2018-ல் மத்திய சர்க்கார் முன்னேற விழையும் ஜில்லாக்கள் என்று தேர்ந்தெடுத்தவற்றுள் தமிழ்நாட்டில் இரண்டே இருந்தன. ஒன்று விருதுநகர், மற்றொன்று இராமநாதபுரம். சுகாதாரம், போஷாக்கு முதலியவற்றில் மாதந்தோறும் அனுப்பப்படும் புள்ளிகளைக் கொண்டு ஜில்லாக்களை வரிசைப்படுத்தினார்கள். இத்தகைய போட்டியில் குழந்தையின் எடையைவிடப் பதிவின் எண்ணிக்கை முக்கியமாகிவிடும் அபாயம் உண்டு. வேலைப் பளு மிகுந்த ஊழியர் சரியான எடைக்குப் பதிலாக உத்தேச எடையைப் பதிந்தால் மேலே இருப்பவர்களுக்குக் கிடைப்பது பொய்க் கணக்கே.

ஆகவே நமது யோசனை இது. ஆள் திட்டத்தையும் கருவித் திட்டத்தையும் தனித்தனியே போடுவதை இலாகா விடவேண்டும். புதுப் பதிவு ஒன்றைக் கேட்குமுன், அதற்கு நாளொன்றுக்கு எத்தனை நிமிஷம் பிடிக்கும், அந்த நேரம் எந்த வேலையிலிருந்து எடுக்கப்படும் என்பதைக் கணக்கிட வேண்டும். ஓய்வு பெறுவோரின் இடத்துக்கு ஆறு மாதம் முன்பே ஆள் தேர்ந்து பயிற்சி அளிக்க வேண்டும். முகம் ஒத்துவராத தினத்திலும் பொருளைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் பெற ஊழியருக்கு எழுத்து மூலமான அதிகாரம் தேவை. கைபேசி பழுதானால் எத்தனை நாளில் வேறு கிடைக்கும் என்பதை நிச்சயிக்க வேண்டும். குழந்தைகளை எண்ணும் அதே செயலியில், காலியாக உள்ள இடங்களும், எத்தனை நாளாகக் காலி என்பதும், முகம் ஒத்துவராமல் திரும்பிப் போனவர்களின் தொகையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். பிரஜைகளை எண்ணுகிற சர்க்கார் தங்கள் குறைகளையும் எண்ணுவதுதானே முறை?

ஊதிய விஷயத்தையும் ஒதுக்க முடியாது. 2018-ல் மத்திய சர்க்கார் ஊழியரின் மதிப்பூதியத்தை மாதம் ரூ. 3,000-லிருந்து ரூ. 4,500 ஆக்கினார்கள். நமது ராஜ்யம் காலமுறை ஊதியம் அளிப்பதால் இங்கே நிலை சற்று மேல். எனினும் 2025-ல் புதிதாகச் சேருவோருக்கு அறிவிக்கப்பட்ட தொகுப்பூதியம் முழு மைய ஊழியருக்கு ரூ. 7,700, உதவியாளருக்கு ரூ. 4,100 மாத்திரமே. 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, குஜராத் வழக்கொன்றில், இவர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. இவர்கள் செய்வது ஏதோ ஓய்வு நேரத் தொண்டு என்ற வாதம் அத்துடன் ஒழிந்திருக்க வேண்டும். முழுநேர வேலையும் புதுக் கருவியும் கேட்பவர்கள் அதற்குத் தகுந்த கூலியையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

பள்ளிக்கு வரும் பிள்ளை பசியோடிருக்கக் கூடாதென்று மதிய உணவைப் பரப்பிய காமராஜர் பிறந்த ஜில்லா இது. பிள்ளைகளின் பசியைத் தீர்ப்பதில் அவர் காட்டிய அவசரம் இன்றும் வேண்டும். நமது ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கிராம சபையில் எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: நம் ஊர் அங்கன்வாடியில் ஆள் இருக்கிறாரா? சென்ற மாதம் எத்தனை குழந்தைகளின் எடை ஏறவில்லை? எத்தனை பேர் பொருள் பெறாமல் திரும்பினார்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். ஊர் தோறும் இது நடந்தால் இலாகாவும் விழித்துக் கொள்ளும் என்பது நமது நம்பிக்கை.