விருந்தினர் வராத மாதத்தையும் கணக்கில் எடுங்கள்

"கடையை மூடிவிட்டேன். பனிச்சங்கேணியில் காணி குத்தகைக்கு எடுத்து, அல்பாகா போல ஏதாவது வளர்த்து, உல்லாசப் பயணிகளைத் தங்க வைக்கலாமா?" என்று வியாபார நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

அல்பாகா அந்தீஸ் மலைக் குளிரில் வாழும் உரோமப் பிராணி. வாவிக்கரை வெயில் அதற்கு ஒத்துவராது. எமக்கு ஆடு போதும். நபிமார்கள் மேய்த்த பிராணி, பரக்கத்தான தொழில்.

ஆனால் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். கிழக்குக்குப் பயணிகள் வருவது பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரைதான். பிறகு மாரி. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 எரிபொருள் வரிசை என்று வந்தபோது அந்த ஐந்து மாத வருமானமும் அடிபட்டது. வட்டிக்கு எடுத்து அறை கட்டியவருக்கு மிஞ்சுவது வெறும் கட்டடமும் கடனும்தான். ஆடு அப்படியல்ல. ஐந்து மாதச் சினையில் குட்டி போடும். ஒரு வயது நிறைந்த கிடாய் உழ்ஹிய்யாவுக்கு விலைபோகும்.

ஆகவே முதல் வருடம் ஆடு மட்டும். பண்ணை தன் தீவனச் செலவைத் தானே தேடிய பிறகு ஓர் அறை கட்டி, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதியுங்கள். முதல் போதாவிட்டால் முழாரபா முறையில் பங்காளியைத் தேடுங்கள். நஷ்டம் வந்தால் அவர் பணமும் உங்கள் உழைப்பும் போகலாம். வட்டி குட்டி போடாது.

தோணிச் சவாரியும் மீன்கறியும் ஊரவரிடமிருந்தே வரட்டும். 2004 சுனாமியையும் 2006-2007 யுத்தத்தையும் கண்டு மீண்டும் தொடங்கியவர்கள் அவர்கள். அவர்களைப் பங்காளிகளாக்கினால் பண்ணை நிலைக்கும், இன்ஷா அல்லாஹ்.