ஏஎம்ஹெச் ‘லோ’ என்றால் குழந்தை பிறக்காதா? கருமுட்டை சேமிப்பு உண்மையிலேயே இன்சூரன்ஸா?

ஆப்பில் புக் செய்தால் போதும். காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஓரிரு நாளில் ரிப்போர்ட் மொபைலுக்கு வந்துவிடுகிறது. அதில் ‘ஏஎம்ஹெச்’ என்ற ஹார்மோனுக்கு நேரே ஒரு எண். பக்கத்தில் ‘லோ’ என்று இருந்துவிட்டால் அவ்வளவுதான், தூக்கம் போச்சு. அடுத்த கேள்வியும் உடனே வந்துவிடும்: “கருமுட்டையை இப்பவே ஃப்ரீஸ் பண்ணிடணுமா?”

2025 நவம்பரில் இதே கேள்வி பெரிய விவாதமானது. ஹைதராபாத் ஐஐடி மாணவர்களிடம் பேசிய உபாசனா கொனிடேலா, பெண்களுக்கு மிகப்பெரிய இன்சூரன்ஸ் கருமுட்டையைச் சேமித்து வைப்பதுதான் என்ற பொருளில் பேசினார். இவர் நடிகர் ராம் சரணின் மனைவி, அப்போலோ மருத்துவமனைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இருபதுகளிலேயே திருமணம் செய்து குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்பதே தன் அறிவுரை என்று ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பதிவிட, சமூக வலைதளம் இரண்டாகப் பிரிந்தது. சண்டை ஓய்ந்துவிட்டது. ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. இது இன்சூரன்ஸ்தானா?

அந்த எண் எதைச் சொல்கிறது?

ஒரு பெண் பிறக்கும்போதே சினைப்பையில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். பருவமடையும்போது அது 3 முதல் 5 லட்சமாகக் குறைந்துவிடும். அதன் பிறகும் குறைந்துகொண்டேதான் போகும். முட்டைகள் வளரும் சிறு நுண்பைகள் சுரக்கும் ஹார்மோன்தான் ஏஎம்ஹெச். எனவே கையிருப்பு எவ்வளவு என்பதை அது தோராயமாகக் காட்டும்.

காட்டுவது எண்ணிக்கையை மட்டும்தான். தரத்தை அல்ல. டப்பாவில் எத்தனை படி அரிசி மிச்சம் என்று சொல்லும், சோறு எப்படி வரும் என்று சொல்லாது. முட்டையின் தரத்தைப் பெருமளவு தீர்மானிப்பது வயது.

இயல்பாகக் கருத்தரிக்க மாதம் ஒரு முட்டை போதும். 2017-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு இதைத்தான் சோதித்துப் பார்த்தது. குழந்தைக்காக முயற்சியைத் தொடங்கியிருந்த, 30 முதல் 44 வயது வரையிலான 750 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஆறு மாதவிடாய் சுழற்சிகளுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு, ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்களுக்கு 65 சதவீதம், இயல்பாக இருந்தவர்களுக்கு 62 சதவீதம். அதாவது, பெரிய வித்தியாசமே இல்லை.

குழந்தையின்மை பிரச்சினை இல்லாத பெண்களுக்கு, இந்த எண்ணை வைத்து எதிர்காலக் கருவுறுதிறன் பற்றி ஆலோசனை சொல்லக் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2019-ல் அறிவுறுத்தியதும் அதனால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிசிஓஎஸ் இருந்தால் ஏஎம்ஹெச் அதிகமாகக் காட்டும். கருத்தடை மாத்திரை எடுத்தால் குறைத்துக் காட்டலாம். கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா, கணவரின் விந்தணு எப்படி என்பதெல்லாம் இந்த ரிப்போர்ட்டில் வரவே வராது.

அப்போ இந்த டெஸ்ட் யாருக்கு?

ஐவிஎஃப் அல்லது முட்டை சேமிப்புக்குப் போகிறவர்களுக்கு, ஊசி மருந்துக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க இது உதவும். புற்றுநோய் சிகிச்சைக்கு முன்பும் பார்ப்பார்கள். அம்மா, அக்காவுக்குச் சிறு வயதிலேயே மாதவிடாய் நின்றிருந்தாலோ, சினைப்பையில் அறுவைசிகிச்சை நடந்திருந்தாலோ, டெஸ்ட்டோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

ஃப்ரீஸ் செய்தால் கேரன்டியா?

சுமார் 10 முதல் 14 நாள்கள் ஹார்மோன் ஊசி. பிறகு மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேன் பார்த்தபடியே ஊசி மூலம் முட்டைகளை எடுப்பார்கள். அவை நொடிகளில் உறைய வைக்கப்பட்டு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் பாதுகாக்கப்படும். இந்த முறைக்கு இருந்த ‘பரிசோதனை நிலை’ என்ற முத்திரையை அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012-ல் நீக்கியது.

தொழில்நுட்பம் தேறிவிட்டது. ஆனாலும் கணக்கு வயதைப் பொறுத்தது. குறைந்தது ஒரு குழந்தையாவது பிறக்க 75 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால், 34 வயதில் 10 முட்டைகள், 37 வயதில் 20, 42 வயதில் 61 முட்டைகள் தேவை என்று 2017-ல் ஒரு அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. ஒரே முறையில் அத்தனை முட்டை கிடைக்காமல் போகலாம். அப்போது ஊசியும் செலவும் மறுபடி முதலிலிருந்து.

நியூயார்க் பல்கலைக்கழக மையத்தில் முட்டை சேமித்து, பின்னர் பயன்படுத்திய 543 பெண்களைப் பற்றிய ஆய்வு 2022-ல் வந்தது. சேமித்தபோது அவர்களின் சராசரி வயது 38. கடைசியில் குழந்தை பெற்றவர்கள் 39 சதவீதம். 38 வயதுக்குள் சேமித்து, 20 அல்லது அதற்கு மேற்பட்ட முட்டைகளைப் பயன்படுத்தியவர்களிடம் இது 70 சதவீதம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2021-ம் ஆண்டின் செயற்கை இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி முதல் அமலில் உள்ளது. 21 முதல் 50 வயது வரையிலான பெண்களுக்கு இந்தச் சிகிச்சைகளை அளிக்கலாம். திருமணமாகாதவர்களும் இதில் அடக்கம்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. வாடகைத்தாய் சட்டப்படி, தனித்து வாழும் பெண்களில் கணவரை இழந்தவர்களும் விவாகரத்தானவர்களும் மட்டுமே, அதுவும் 35 முதல் 45 வயதுக்குள், வாடகைத்தாய் மூலம் குழந்தை பெற முடியும். திருமணமாகாத பெண் முட்டையைச் சேமிக்கலாம். ஆனால் பிற்காலத்தில் அவரால் சுமக்க முடியாமல் போனால், அந்த வழி அவருக்கு இல்லை.

கையெழுத்துப் போடும் முன்

என் வயதில் எத்தனை முட்டை தேவை? இந்த மையத்தில் சேமித்த முட்டைகளால் இதுவரை எத்தனை குழந்தைகள் பிறந்திருக்கின்றன? ஆண்டு சேமிப்புக் கட்டணம் எவ்வளவு? பிறகு ஐவிஎஃப் செய்ய எவ்வளவு ஆகும்? இந்த நான்குக்கும் பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது.

இப்போதே குழந்தைக்கு முயற்சி செய்பவர்களுக்கு ஏஎம்ஹெச் எண்ணைவிடக் காலண்டர்தான் முக்கியம். 35 வயதுக்குள் என்றால் ஓராண்டு, அதற்கு மேல் என்றால் ஆறு மாதம் முயன்றும் பலனில்லை என்றால் தம்பதி இருவருமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்சூரன்ஸ் என்றால், பாலிசியில் சொன்னது நடந்தால் பணம் வந்தாக வேண்டும். கருமுட்டை சேமிப்பில் அப்படி எந்த வாக்குறுதியும் இல்லை. காசு கொடுத்து வாங்குவது ஒரு வாய்ப்பை மட்டுமே. சிலருக்கு அது மிக மதிப்புள்ள வாய்ப்பு. அதை ஒரு ‘லோ’வைப் பார்த்த பயத்தில் முடிவு செய்யாமல், கணக்குப் பார்த்து முடிவு செய்யலாம்.