சிலந்தியும் நூற்புழுவும் - யார் நண்பன்?

கோச்சடையில் இருந்து மேலக்கால் சாலை வழியாக சோழவந்தான் பக்கம் போனால் நெல் வயல்கள் வரும். நெல் வயலில் வாழும் இரண்டு உயிர்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று ஓநாய் சிலந்தி. மற்றொன்று வேர்முடிச்சு நூற்புழு.

இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு என்றால் நம்புவது கடினம். ஆனால் உண்டு! இரண்டுமே தோலுரித்து வளர்பவை. இரண்டுமே உணவை மென்று தின்பதில்லை, உறிஞ்சித்தான் குடிக்கின்றன.

வேற்றுமை எங்கே? இந்தச் சிலந்தி வலை பின்னி உட்காராது. ஓடிப்போய் புகையானையும் தத்துப்பூச்சியையும் பிடிக்கும். முட்டைப் பையைக் கூடவே சுமக்கும், குஞ்சுகள் பொரித்தால் முதுகில் ஏற்றிக்கொள்ளும். நூற்புழுக் குஞ்சோ அரை மில்லிமீட்டர்கூட இராது. ஊசி போன்ற வாயால் வேரைத் துளைத்து உள்ளே போகும். பெண் புழு ஓரிடத்தில் தங்கி, பருத்து, அங்கேயே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வேர் நுனி கொக்கி போல வளைந்து வீங்கிவிடும்.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. வேர் கெட்டால் பயிர் திட்டுத் திட்டாக மஞ்சளாகும். 'பூச்சி விழுந்துவிட்டது' என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். இலையில் அடிக்கும் பூச்சி மருந்து வேருக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. செத்துப்போவது வெளியே ஓடித் திரியும் சிலந்திதான். பிறகு புகையான் பெருகும். அதற்கு இன்னொரு மருந்து!

இது கற்பனைப் பயம் அல்ல. இந்தோனேசியாவில் இப்படித்தான் மருந்து அடிக்க அடிக்க புகையான் பெருகியது. 1986-ல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது.

பயிர் மஞ்சளானால் முதலில் ஒரு செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத சோதனை இது. முடிச்சு இருந்தால் தெளிப்பானை எடுக்கவே வேண்டாம். வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் குஞ்சுப் புழுக்கள் புதிய வேருக்குள் நுழைவது குறையும். தண்ணீர் இல்லாவிட்டால் பயிரை மாற்றலாம். சந்தேகம் இருந்தால் வேரையும் மண்ணையும் எடுத்துக்கொண்டு ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் கேட்கலாம்.

கண்ணுக்குத் தெரிவதெல்லாம் எதிரி இல்லை. உண்மையான எதிரி பல நேரம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. சிலந்தியைக் கொன்றுவிட்டு நூற்புழுவை வளர்ப்பது விவசாயம் ஆகாது.