ஈறில் ரத்தமா? பிரஷ் மேல் பழி போடாதீர்கள்!

காலையில் பல் துலக்கித் துப்பும்போது வாஷ்பேசினில் லேசாகச் சிவப்பு. ‘புது பிரஷ், குத்திடுச்சு’ என்று குழாயைத் திறந்து கழுவிவிட்டுப் போய்விடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. மறுநாளிலிருந்து அந்த இடத்தை மட்டும் தொடாமல் துலக்குவார்கள். அழுக்குப் படலம் அங்கேதான் இன்னும் சேரும், ரத்தமும் கூடும்.

ஆரோக்கியமான ஈறு, துலக்கினால் கசியாது. தொற்று தொடங்கினால் சிவந்து, ஓரம் உப்பிப் பளபளக்கும். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் வலிக்காது. சொத்தைப் பல் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால் உடனே டாக்டரிடம் ஓடுகிறோம். ஈறு நோயோ சத்தமில்லாமல் பல்லைத் தாங்கும் எலும்பு வரை போய்விடும். ஈறோடு நிற்கும்வரை முழுவதும் குணமாகும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.

எவ்வளவு துலக்கியும் போகாத வாய் நாற்றம், ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிவது, புதிதாக விழுந்த இடைவெளி, அழுத்தினால் சீழ், ஆடும் பல்... இவை நோய் முற்றுவதன் அடையாளங்கள். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால் ஏமாந்துவிட வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் எளிதில் கட்டுப்படாது.

‘க்ளீன் பண்ணினா பல் ஆடும்’ என்ற பயம் இன்னும் போகவில்லை. உண்மையில், எலும்பு முன்பே கரைந்திருக்கும். படிந்த காரைதான் பல்லைச் சிமென்ட் போலப் பிடித்துவைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. பழி மட்டும் டாக்டருக்கு!

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது இதம் தரும், காரையைக் கரைக்காது. வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதோ புண்ணாக்கிவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கையும் தொடாதீர்கள். ஒழுங்காகத் துலக்கியும் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லையென்றால் பல் டாக்டரைப் பாருங்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய கருவியை விட்டு ஆழம் பார்ப்பார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு.

கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, காய்ச்சலும் வந்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லையா? விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.