கிராபிக்ஸ் கார்டு என்ன பாவம் செய்தது?



"கேம் ஆடுற கதைக்கெல்லாம் மலரில் ஒரு பக்கமா?" என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும்! புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டரில் கேம் பாதியில் நின்றுபோனால், அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது நம் ஒர்க்‌ஷாப் பிராக்டிகலுக்குக் கொஞ்சமும் குறைந்த வேலை இல்லை என்பது என் கருத்து. ஆனால் அதை நாம் செய்கிற முறை இருக்கிறதே, அதுதான் வெட்கக்கேடு. முதல் குற்றவாளி நானே.

என் அறை நண்பனுக்கு ஒரு டெஸ்க்டாப் பூட்டிக் கொடுத்தேன். லாரி ஓட்டும் அவன் அண்ணன் மாதாமாதம் அனுப்பிய பணம். கையில் காசு சேரச் சேர ஒவ்வொரு பாகமாக வாங்கினோம். ரேம்கூட 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, வேறு வேறு கடையில், வேறு வேறு கம்பெனி. எல்லாம் சேர்ந்த பிறகு ஒரே நாளில் பூட்டினேன். விண்டோஸ் ஏறியது. டிராயிங் சாப்ட்வேர் ஓடியது. கேம் போட்டால் மட்டும் இருபது நிமிடத்தில் படக்கென்று மூடிக்கொள்ளும். ஒருநாள் மெஷினே ரீஸ்டார்ட் ஆகிவிட்டது.

உடனே ஹாஸ்டல் முழுக்க டாக்டர்கள்! "கார்டு போச்சுடா" என்றான் ஒருவன். "பவர் சப்ளை பத்தல" என்றான் இன்னொருவன். டிரைவரை மாற்றினோம், விண்டோஸை மறுபடி போட்டோம், கேமையும் அழித்துப் போட்டோம். எல்லாம் ஒரே ராத்திரியில். பயன் இல்லை. கடையில் கேட்டால், "கார்டை மாத்திடுங்க தம்பி" என்றார்கள்.

அப்போதுதான் அண்ணன் போன் செய்தார். "தம்பி, நீ படிச்ச புள்ள. என்ன ஆச்சுன்னு நீயே சொல்லு." அவர் வீட்டிலும் சரி, என் வீட்டிலும் சரி, டிப்ளமோ வரை வந்தவர்கள் நாங்கள்தான். "தெரியலண்ணே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கார்டுதான் அண்ணே" என்று சொல்லிவிட்டேன். ஒரு சோதனையும் செய்யாமல் சொன்ன தீர்ப்பு! நண்பன் கார்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட ஆள் தேட ஆரம்பித்தான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து ஒரு நோட்டை எடுத்தேன். இனி ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், மாற்றியதை உடனே எழுதி வைப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். 'கெர்னல் பவர் 41' என்று ஒரு வரி. பலரும் இதைப் பார்த்ததும் பவர் சப்ளையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மெஷின் முறைப்படி நிறுத்தப்படாமல் ரீஸ்டார்ட் ஆனது என்பதுதான் அதற்கு அர்த்தம். திருடன் வந்தான் என்று சொல்லும். யார் என்று சொல்லாது. கேம் மூடிய மற்ற தடவைகளில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஃபைலின் பெயர் பதிவாகியிருந்தது. எப்போதும் ஒரே ஃபைல் என்றால் டிரைவரையோ கேமையோ சந்தேகப்படலாம். நாளுக்கொரு பெயர் என்றால் ரேமையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

பயாஸுக்குள் போனேன். பகீர் என்றது! பூட்டிய அன்றே எக்ஸ்எம்பி-யை ஆன் செய்து வைத்தது நான்தான். அந்த ஸ்டிக்குகளின் சாதாரண வேகம் 2666, வோல்டேஜ் 1.2. எக்ஸ்எம்பி போட்டால் 3200, 1.35 வோல்ட். இது கூடுதல் வேகம். ஒரே ஜோடியாக வராத ஸ்டிக்குகள் சேர்ந்து அந்த வேகத்தில் ஓடும் என்று யாரும் உறுதி தருவதில்லை.

மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் போட்டு ஓட்டினேன். முதல் சுற்றிலேயே பிழைகள். எக்ஸ்எம்பி-யை ஆஃப் செய்தேன். நாலு சுற்றும் சுத்தம். மறுபடி ஆன் செய்து ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனித்தனியே போட்டேன், இரண்டும் சுத்தம். சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை. மூன்று ராத்திரி ஆனது, ஒரு ரூபாய் செலவில்லை. இப்போது 2933-ல் ஓடுகிறது, அதுவும் சோதித்த பிறகுதான். கார்டு பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை!

நாங்கள் மட்டும்தான் ஏமாந்தோமா? 2024-ல் இன்டெல் கம்பெனியின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் வைத்திருந்த பலருக்குக் கேம்கள் "வீடியோ மெமரி போதவில்லை" என்ற செய்தியோடு நின்றன. அதைப் படித்தால் யார்தான் கார்டைத் திட்டமாட்டார்கள்? கோளாறோ பிராசஸரில் இருந்தது. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதால் சிப் மெல்ல மெல்லக் கெட்டது. இன்டெல்லே அதை ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாக மைக்ரோகோட் திருத்தங்கள் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே கெட்ட சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. திரையில் வரும் செய்தியை மட்டும் நம்பிக் கார்டை மாற்றியவர்களுக்குக் காசுதான் நஷ்டம்.

"வாரண்டி இருக்கே, கடையில கொடுத்தா முடிஞ்சது" என்பீர்கள். கொடுங்கள். ஆனால் எந்தப் பாகம், எந்தச் சோதனையில் தோற்றது என்று எழுதி எடுத்துப் போங்கள். அப்போது பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நன்றாக ஓடுவது உறுதியான ஒரு பவர் சப்ளை, ஒரு ரேம் ஸ்டிக், ஒரு மெம்டெஸ்ட் பென் டிரைவ், ஒரு நோட்டு. இந்த நான்கையும் சங்க அறையில் வையுங்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துச் சோதிக்கட்டும். கண்டதை அந்த நோட்டில் எழுதட்டும். அடுத்த வருடம் வரும் தம்பி தங்கைகளுக்கு அதுவே பாடப்புத்தகம்.

மறுநாள் அண்ணனுக்கு நானே போன் செய்தேன். "கார்டு இல்லண்ணே, தப்பு என்னோடது" என்றேன். சிரித்துவிட்டு, "வண்டியில சத்தம் கேட்டா நாங்களும் மொதல்ல நிறுத்திட்டு, எங்கேருந்து வருதுன்னுதான் கேப்போம் தம்பி" என்றார்.

பதறாத காரியம் சிதறாது நண்பர்களே! படித்த பிள்ளை என்று நம்பிக் கேட்கிறவர்களிடம், சோதித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வோமா?

— இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் துறை