‘கரண்ட்’ வைக்கிறார்களாம்!

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை என்று டாக்டர் சொன்னால், நம் வீடுகளில் அதற்குப் பெயர் ‘கரண்ட் வைக்கிறது’. இந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. வைத்த புண்ணியவானால் எத்தனை ஸ்திரீகள் ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிவிட்டார்கள்! சகோதரிகளே, அதில் கரண்டும் இல்லை, ஷாக்கும் இல்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது உங்களுக்கு ஏதாவது வலித்ததா? இதுவும் அந்த ஜாதிக் கிரணம்தான், சக்தி மட்டும் பல மடங்கு அதிகம். சில நிமிஷம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியிலிருந்து கிரணம் பாய்ச்சினால் உடம்பில் ஒன்றும் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்து பேரக் குழந்தையைத் தாராளமாய்த் தூக்கிக் கொஞ்சலாம். தட்டு, தம்ளரைத் தனியே வைக்க வேண்டியதில்லை.

கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. கர்ப்பப்பை வாயில் கட்டி என்றால், அதற்கு முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல். கிரணம் கட்டியைச் சுட வேண்டும். அண்டை வீட்டைச் சுடக்கூடாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த துக்கத்தை மறக்காமல், 1954-ல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அங்கே கோபால்ட் கிரண இயந்திரம் 1950-களிலேயே வந்துவிட்டது. ஆனால் குறி பார்ப்பது எப்படி? சாதாரண எக்ஸ்ரே வெறும் நிழல். எலும்பு தெரியும், மெத்தென்ற கட்டி சரியாகத் தெரியாது.

பண்ருட்டிப் பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே சுளை எங்கே, சக்கை எங்கே என்று சொல்ல முடியுமா? சுற்றிச் சுற்றிப் பல கோணத்தில் நிழல் எடுத்து, அந்த நிழல்களைக் கணக்குப் போட்டுச் சேர்த்தால் சொல்லலாம். ஆனால் அப்படியே சேர்த்தால் படம் கலங்கிப் போகும். ஒவ்வொரு நிழலையும் முதலில் கணக்கால் தீட்டிக் கூராக்கிவிட்டு, பிறகு சேர்க்க வேண்டும். அதற்குச் சுருக்கமான, துல்லியமான வழியை 1971-ல் எழுதிக் காட்டியவர்கள் இருவர்: ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லக்ஷ்மிநாராயணனும். ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகப் பேராசிரியராக வந்தவர். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜென் என்னும் புரதத்தின் அமைப்பைக் கண்டு சொல்லி உலகப் புகழ் பெற்றவர்.

அதே 1971, அக்டோபர் முதல் தேதி, லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு செய்த ஸி.டி. ஸ்கேன் இயந்திரத்தில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தார்கள். படுத்தவள் மூளையில் கட்டியோ என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்மணி. 1979-ல் நோபெல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் கிடைத்தது. நம்மவர்களின் கணக்கு ‘ராம்-லாக்’ என்ற பெயரில் பாட புத்தகங்களில் நிலைத்துவிட்டது. இதுவும் சின்னப் பரிசல்ல என்பது என் அபிப்பிராயம்.

இன்று ஸ்கேன் படத்தைப் பார்த்துத்தான் கிரணம் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு என்று தீர்மானிக்கிறார்கள். பல பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய்ப் பாய்ச்சுவதால், எல்லாம் கூடும் இடமான கட்டிக்கு மட்டும் முழு அடி விழுகிறது. குறி தப்பாதிருக்க, தோலில் மையால் கோடு போடுவார்கள். மங்கலம்பேட்டையில் என் உறவுக்காரி ஒருத்தி, வெட்கப்பட்டு அந்தக் கோட்டைப் பயத்தமாவு போட்டுத் தேய்க்கப் போய்விட்டாள்! மகள் ஓடி வந்து தடுத்தாள். அழிந்து போனால் நீங்களாகத் திருப்பி வரையாதீர்கள், ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்தச் சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஐந்து நாளாகச் சில வாரம் நடக்கும். நல்ல திசுக்கள் இடையிலே தேறிக் கொள்ளட்டும் என்றுதான் இப்படிப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ‘ஊர்த் திருவிழா, நாலு நாள் கழித்து வருகிறேன்’ என்று நின்றால், கட்டியும் அல்லவா தேறிவிடும்? நடுவில் வயிற்றுப்போக்கு, அசதி வரலாம். அதற்கு மருந்து உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் பட்டால் ஒரு நாளும் மறைக்க வேண்டாம். மங்கலம்பேட்டைக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மரிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. சென்னைக்குத்தான் போவதென்றால், விருத்தாசலத்தில் ரயில் ஏறுமுன்பே, அத்தனை வாரம் தங்க இடம் கிடைக்குமா, துணைக்கு வருகிறவருக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.