சித்திரமும் சர்வகலாசாலையும்

கோயம்புத்தூர்ச் சீமையில் பொருள் ஈட்டியவர்கள் கல்விக்குக் கொடுக்கத் தயங்கினார்கள் என்று எவரும் பழி கூற முடியாது. பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்து கூறாக்கி, ஐந்தாவது கூறைத் தருமத்துக்கென்று ஒதுக்கிவைத்த 1926-ஆம் ஆண்டு தொடங்கி, பஞ்சும் நூலும் கொணர்ந்த லாபத்தில் ஒரு பகுதி பள்ளிக்கூடமாகவும் கலாசாலையாகவும் ஆஸ்பத்திரியாகவும் உருமாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று காந்திபுரம் பஸ் நிலையத்தில் எந்தத் திசைக்கு வண்டி ஏறினாலும் சிறிது தூரத்துக்குள் ஒரு கல்லூரி வாசலைக் கடந்தாக வேண்டும். ஆனால் இத்தனை கலாசாலைகளுக்கிடையே, மாணவன் ஒருவன் புராதனச் சித்திரம் ஒன்றின் முன்னே அமர்ந்து, பாட வேளை முழுவதும் அது ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்பதும் படிப்பின் அங்கம்தான் என்று கருதுகிற இடம் அரிதினும் அரிது. இதற்குப் பணமுடை காரணம் என்று நான் நம்பவில்லை.

இதே வகையான வியாபாரப் பணம் கடல் கடந்த ஒரு துறைமுகப் பட்டணத்தில் என்ன செய்தது என்பதைக் கவனிப்பது நமக்குப் பயன்படும். 1953-இல் சிங்கப்பூரில் தான் லார்க் சாய் என்னும் ரப்பர் வியாபாரி, சீன மொழியில் போதிக்கும் சர்வகலாசாலை ஒன்று வேண்டும் என்று குரல் கொடுத்தபோது, செல்வர்கள் மட்டுமின்றி, மூன்று சக்கர ரிக்‌ஷா மிதித்தவர்களும் தெருவோரக் கடைக்காரர்களும் தங்கள் வரும்படியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவ்வாறு எழுந்த நன்யாங் சர்வகலாசாலையில், ரப்பரிலும் அன்னாசியிலும் பெருஞ்செல்வம் ஈட்டிய லீ காங் சியானின் பெயரால் பிற்காலத்தில் ஒரு காட்சிசாலை அமைந்தது. மட்கலம், வெண்கலம், பச்சைக்கல், எழுத்தோவியம், சித்திரம் என்று சீனத்தின் பல நூற்றாண்டுக் கைவேலை அதில் சேர்ந்தது. 1980-இல் நன்யாங்கும் சிங்கப்பூர் சர்வகலாசாலையும் இணைந்து சிங்கப்பூர் தேசிய சர்வகலாசாலை உண்டானபோது, அந்தச் சேகரமும் சீதனம்போல உடன் சென்றது. கென்ட் ரிட்ஜ் மேட்டில், இந்திய, தென்கிழக்காசியக் கலைப்பொருள்கள் அடங்கிய மற்றொரு சேகரத்தின் அருகே அது இன்றும் இருந்துவருகிறது.

அந்த மற்றொரு சேகரத்தின் சரித்திரம்தான் நான் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு மிகவும் நெருங்கியது. 1949-இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட மலாயா சர்வகலாசாலைக்கு, 1954-இல் கலைச் சரித்திரம் போதிக்க வந்து சேர்ந்தார் மைக்கேல் சல்லிவன். கனடாவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கட்டடக்கலை படித்து, யுத்தகாலச் சீனத்தில் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக லாரி ஓட்டி, அந்நாட்டுப் பெண்ணையே மணந்து, அங்குள்ள சித்திரக்காரர்களோடு நெடுநாள் சிநேகம் பூண்டவர் அவர். மறு ஆண்டே அவர் பொறுப்பில் ஒரு காட்சிசாலை தொடங்கியது. வகுப்பில் வாயால் சொன்னதைப் பொருளாக எடுத்துக் கையில் காட்டுவதற்கென்று தொகுத்தவை அங்கிருந்தவை. ஆகவே விலையில் உயர்ந்ததா என்பதைவிட, இதைக்கொண்டு எதைக் கற்பிக்கலாம் என்பதே முதற்கேள்வியாக இருந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. 1960-இல் சல்லிவன் லண்டனுக்குப் போய்விட்டார்; இரண்டாண்டு கழித்து, சீனத்தில் இயற்கைக்காட்சிச் சித்திரம் பிறந்த விதத்தைப் பற்றிய அவருடைய நூல் வெளியாயிற்று. மனிதனுக்குப் பின்னணியாக நின்றுகொண்டிருந்த மலை, எந்தக் காலத்தில், எந்த மனப்பக்குவத்தில், தானே சித்திரத்தின் நாயகன் ஆயிற்று என்பதை ஆதி நூற்றாண்டுகளில் தேடிச் செல்கிற நூல் அது.

அப்படி நாயகனாகிவிட்ட மலையைக் காண வேண்டுமானால், தைப்பேயின் அரண்மனைக் காட்சிசாலையிலிருக்கும் குவோ ஷியின் ‘இளவேனில் தொடக்கம்’ என்ற பட்டுச் சித்திரத்தைப் பார்க்க வேண்டும். 1072-ஆம் ஆண்டென்று சித்திரக்காரரே தேதியிட்டுக் கையெழுத்தும் இட்ட, ஐந்தடிக்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ள அந்தச் சித்திரத்தில், நடுவே ஒரு மலை முறுக்கி நெளிந்து எழும்புகிறது. இலையற்ற மரங்கள் நண்டின் கால்களைப் போல் கிளை வளைத்து நிற்கின்றன. வலப்புறப் பள்ளத்தாக்கில் கோபுரங்களோடு கூடிய மாடங்கள் பாறைக்குள் ஒண்டியிருக்கின்றன. கீழே நீரோரத்தில், தேடினால் மட்டுமே கண்ணுக்குப் படுகிற அளவில், படகுக்காரரும் சுமை தூக்கிச் செல்வோரும் இருக்கிறார்கள். அடிவாரத்திலிருந்து அண்ணாந்து சிகரத்தைக் காணும் உயரத் தொலைவு, முன்மலையின் இடுக்கு வழியே பின்மலையை நோக்கும் ஆழத் தொலைவு, அருகிலிருந்து சமவெளியின் விளிம்புவரை கண்ணோட்டும் சமத் தொலைவு என்று குவோ ஷி வகுத்த மூன்று பார்வைகளும் ஒரே பட்டுத் துண்டில் ஒன்றோடொன்று சண்டையிடாமல் குடியிருக்கின்றன. ஐரோப்பியச் சித்திரம் பார்ப்பவனை ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு ஜன்னல் வழியே காண்பிக்கிறது. இதுவோ அவனை உள்ளே நடக்க விடுகிறது. மலைக்கு நடுவே மை தீட்டாமல் விட்ட வெற்றுப் பட்டே மூடுபனியாகிவிடுகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வீசும்போது சிறுவாணிச் சாலையில் போய், இடுப்புக்குமேல் மேகம் போர்த்த வெள்ளியங்கிரியைப் பார்த்தவர்களுக்கு இந்த வெறுமையின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கைச்சுருள் என்ற வகையின் விசேஷம் இன்னும் வேறு. அதைச் சுவரில் மாட்ட முடியாது. மேஜைமேல் வைத்து, இடக்கையால் அவிழ்த்து, வலக்கையால் சுருட்டிக்கொண்டே, ஒரு தோளகலம் மட்டும் திறந்து பார்க்க வேண்டும். இருவர் மூவர் பார்ப்பதற்குமேல் இடமில்லை. பார்த்து முடித்தவர் தமது முத்திரையைப் பதிப்பதும், கடைசியில் சில வரிகள் எழுதிச் சேர்ப்பதும் அங்கே வழக்கம். ஹுவாங் கோங்வாங் எண்பது வயதில், 1350-இல் எழுதி முடித்த ‘ஃபுச்சுன் மலைவாசம்’ என்ற சுருள் இவ்வகையில் தலைசிறந்தது. 1650-வாக்கில் அதன் சொந்தக்காரர், மரணத் தறுவாயில், தம்மோடு அதையும் எரித்துவிடும்படி கட்டளையிட்டார், சகோதரன் மகன் ஒருவன் நெருப்பிலிருந்து பிடுங்கினான், சுருள் இரண்டாயிற்று. நீண்ட துண்டு தைப்பேயிலும், முழத்துக்குச் சற்று மேற்பட்ட சிறு துண்டு ஹாங்சௌவிலும் இருக்க, 2011-இல்தான் இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. இதைவிட ரசமான கதை சியன்லுங் சக்கரவர்த்தியுடையது. 1745-இல் அவருக்கு ஒரு போலிச் சுருள் கிடைத்தது. அதையே அசலென்று நம்பிக் காலமெல்லாம் அதன்மேல் புகழுரை எழுதி எழுதி இடமில்லாமல் நிரப்பினார். மறு ஆண்டு உண்மைச் சுருள் வந்தபோது, இது போலி என்று தீர்ப்புச் சொல்லி ஒதுக்கிவைத்தார். சக்கரவர்த்தியின் தூரிகையிலிருந்து அசல் தப்பியது அந்த அறியாமையால்தான். சீனத்துச் செல்வமெல்லாம் ஒருவர் கைக்குள் வந்து சேர்ந்தாலும், அதனோடு பார்வை வந்து சேர்ந்துவிடுவதில்லை என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

சுருள் இரண்டானது போலவே, மலாயா சர்வகலாசாலையும் 1962-இல் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இரண்டாகப் பிரிந்தது. சல்லிவன் தொடங்கிய காட்சிசாலையின் பொருள்களும் பாகப்பிரிவினைக்கு உள்ளாயின. கோலாலம்பூரில் ஆசியக் கலைக் காட்சிசாலை 1974-இல்தான் உருப்பெற்றது. இந்தப் பிரிவினையில் எனக்கு ஓயாத மனக்குறை ஒன்று உண்டு. சல்லிவன் அந்தச் சர்வகலாசாலையை விட்டுச் சென்ற மறு ஆண்டு, 1961-இல், அதன் கோலாலம்பூர்க் கிளையில் இந்திய இயல் துறைக்கு வந்து சேர்ந்தவர் தனிநாயகம் அடிகள். அண்ணாமலைச் சர்வகலாசாலையில் ஆராய்ந்து, சங்கப் பாட்டில் இயற்கை எவ்வாறு நிற்கிறது என்று நூல் எழுதியவர். அந்நூல் 1966-இல், நிலக்காட்சியும் கவிதையும் என்ற பொருள்படும் தலைப்போடு மறுபதிப்புக் கண்டது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்து, அவற்றின்மேல் மனித உணர்ச்சியை நிறுத்திய ஒரு கவிமரபை ஆராய்ந்தவரும், மலையையும் பருவத்தையும் முதலில் நிறுத்தி மனிதனைச் சிறிதாக்கிய ஒரு சித்திரமரபை ஆராய்ந்தவரும் ஒரே ஸ்தாபனத்தில் ஓராண்டு இடைவெளியில் ஒருவரையொருவர் தவறவிட்டார்கள். இருவரும் ஒரு மேஜையருகே அமர்ந்து ஒரு சுருளை விரித்திருந்தால் தமிழ் ரசனைக்கு என்னென்ன கிடைத்திருக்கும்!

சீனத்து மலை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் இதிலேயே இருக்கிறது. நம் கவிகள் மலையை முழுமையாகக் கண்டிருக்கிறார்கள்; நம் சித்திரக்காரர்களோ, சித்தன்னவாசல் தாமரைத் தடாகம் போன்ற ஒன்றிரண்டை விலக்கினால், தெய்வத்தையும் அரசனையும் அடியாரையும் விட்டு நிலத்தை நோக்கித் திரும்பியது குறைவு. நம் செவியில் இருப்பது கண்ணில் இல்லை. பிறரிடம் கற்றுக்கொள்வதில் இழிவு ஒன்றுமில்லை என்பதைச் சாந்திநிகேதனம் அன்றே காட்டியது. 1924-இல் தாகூரோடு சீனம் சென்று திரும்பிய நந்தலால் போஸ், 1937-இல் தான் யுன்-ஷானின் பெருமுயற்சியால் எழுந்த சீன பவனம், சிங்கப்பூர் வழியாக அங்கு வந்து தங்கி 1940-இல் ‘மலையை அகற்றிய மூடக் கிழவர்’ என்ற பெருஞ்சித்திரத்தை இந்தியாவிலேயே எழுதிய சூ பெய்ஹோங், அந்தப் பவனத்துச் சுவரில் 1942-இல் ஆசிரம வாழ்க்கையைத் தீட்டிய வினோதவிஹாரி முகர்ஜி என்று அங்கே கொடுக்கல் வாங்கல் நடந்தது மனிதர்கள் மூலமாக. சிங்கப்பூரில் சென் சோங் சுவீ போன்றவர்கள் பைன் மரத்தை விட்டுத் தென்னையையும் மீனவர் குடிசையையும் அதே மையால், அதே தூரிகையால் எழுதினார்கள். மரபு இடம் பெயர்ந்தும் உயிரோடிருந்தது.

கொங்கு நாட்டுக்கு இந்தப் பாடமுறை அந்நியமும் அன்று. 1902-இல் வனத்துறை அதிகாரி காஸ் பெயரால் ஏற்பட்ட காட்சிசாலையில் மரத்தைக் கண்ணால் பார்த்தே வனவியல் கற்றார்கள். வேளாண்மைச் சர்வகலாசாலை 2018-இல் பூச்சிகளுக்கென்றே ஒரு காட்சிசாலை திறந்தது. அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் பெயரில் சித்திரக்கூடமும் இருக்கிறது. ஜவுளி ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த ஒருவர் சித்திரத்தையும் நினைத்தார் என்பது இந்த ஊருக்குப் பெருமை. மரத்துக்கும் பூச்சிக்கும் ஒப்புக்கொண்ட முறையைச் சித்திரத்துக்கு மட்டும் மறுப்பதில் நியாயமில்லை.

மருதமலை அடிவாரத்துப் பாரதியார் பல்கலைக்கழகமோ, வேறு எந்தக் கலாசாலையோ, இதற்காகக் கோடிகளைத் தேட வேண்டாம். தைப்பே அரண்மனைச் சித்திரங்களை அசல் அளவிலேயே, பட்டின் நிறம் மாறாமல், டோக்கியோவின் நிகென்ஷா பதிப்பகம் அச்சிட்டிருக்கிறது. கற்பிப்பதற்கு அவை தாராளமாகப் போதும், வெயிலுக்கும் ஈரத்துக்கும் அஞ்சிப் பூட்டிவைக்கவும் வேண்டாம். வடக்கு வெளிச்சம் படுகிற ஓர் அறை, நீண்ட மேஜை ஒன்று, இவற்றுக்கும் பெருஞ்செலவில்லை. செலவு பிடிப்பது ஆசிரியர்தான்: ஆண்டுதோறும் சம்பளம் வாங்கி, கையில் சுருளோடு உட்கார்ந்து, இரண்டு மூன்று பேருக்கு மேல் ஒரே சமயத்தில் சேர்க்க மறுக்கிற ஓர் ஆசிரியர். நம் தனவந்தர்கள் கட்டடத்துக்கு மனமுவந்து கொடுப்பதற்கும் சம்பளத்துக்குக் கொடுக்கத் தயங்குவதற்கும் காரணம், கட்டடத்தில் பெயர் பொறிக்க இடம் இருக்கிறது என்பதாகவே இருக்கலாம். அப்படியானால் பதவிக்கே கொடையாளியின் பெயரைச் சூட்டிவிடலாம். மேல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் அது நெடுங்கால வழக்கம், அதற்கு நம் சட்டத்திலும் தடை ஒன்றுமில்லை.